மூன்றாவது ஆம்

காலை எட்டு மணிக்கு ஜெசிந்தா வீட்டில் என்ன குழம்பு என்பது சனிக்கோளின் டைட்டன் நிலா வரைக்கும் தெரிந்தாக வேண்டும். கேட்பவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகப் படும். ஆனால் அவள் சம்பளம் வாங்குவதே அதற்குத்தான்.

தூத்துக்குடி கடற்கரைச் சாலையில், பதிவு மண்டபத்தின் மாடியில் இருக்கிறது அவளுடைய அளவை அறை. சரியாக எட்டு அடிக்கும்போது தரவுத்தளத்தில் ஒரு வரி எழுதுவாள். வரிசை எண், எழுதிய நேரம், முப்பது எழுத்துக்குள் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். துடிப்பு வரி என்று அதற்குப் பெயர். முயல் தீவுக்குப் பக்கத்தில் கடலடியில் கிடக்கும் தரவகத்தில் அது முதலில் பதியும். அங்கிருந்து நம் நிலாவின் தரவகத்துக்கும் டைட்டனின் தரவகத்துக்கும் நகலாகிப் போகும். டைட்டனில் இருக்கும் அளவையாளர் அதைப் படித்து, வந்து சேர்ந்த நேரத்தைக் குறித்து, தானும் ஒரு குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவார். நேரத்தை நேரத்திலிருந்து கழித்தால் வருவதுதான் அன்றைய நகல் தாமதம். பழைய வரியைப் புது வரி என்று எந்திரம் நம்பி ஏமாந்துவிடக் கூடாதல்லவா, அதனால் குறிப்பு தினமும் மாற வேண்டும் என்பது விதி. ஒரு வீட்டில் தினமும் மாறுவது குழம்பைத் தவிர வேறென்ன? அளவையாளர்கள் எல்லோருக்கும் அப்படியே பழகிவிட்டது.

அன்றைக்கு அவள் எழுதியது: "விளமீன் குழம்பு. புளி தூக்கல்."

டைட்டனில் இதைப் படிப்பவன் ரெமிஜியுஸ், அவளுடைய கணவன். ஆறு வருடத்துக்கு முன்னால் கப்பலேறினான்; போய்ச் சேரவே மூன்று வருடம் ஆயிற்று. வானலையில் இடம் கம்மி, ஊர்ப் பதிவுகளுக்கே போதவில்லை என்பதால் சொந்தக் கடிதம் வருடத்துக்கு ஒன்றுதான். துடிப்பு வரியோ தினமும் எல்லாவற்றுக்கும் முன்னால் போகும். ஆகவே மூன்று வருடமாக முப்பது முப்பது எழுத்தில் ஒரு குடும்பம் நடந்துகொண்டிருந்தது. அடுத்த தை மாதம் டைட்டனிலிருந்து திரும்பும் கப்பலில் அவன் பெயர் ஏழாவதாக இருந்தது. அந்தப் பட்டியலை அவள் வாரம் ஒரு முறையாவது திறந்து பார்ப்பாள். ஏழு ஏழாகவே இருக்கிறதா என்று பார்ப்பதில் என்ன கிடைக்கும் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

பதினொரு மணிக்குத் தாமதப் பலகையில் எண்ணைப் போடுவாள். போக எண்பது நிமிடம், வர எண்பது நிமிடம், சில்லறைச் சுணக்கம் ஒரு நிமிடம்: "2 மணி 41 நிமிடம்." ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, பேருந்து நிலையம், மாதா கோயில் வாசல் என்று எல்லா இடத்திலும் அந்த எண் மின்னும். ஏனென்றால் மூன்று தரவகங்களும் 'ஆம்' என்று சொன்னால்தான் எதுவும் உண்மை. முன்னொரு காலத்தில் ஒற்றை நகலை வைத்துக்கொண்டு அடுத்தவன் நிலத்தைப் பிடுங்கினார்கள், உயிரோடு இருந்தவர்களைப் பட்டியலில் சாகடித்தார்கள். அதைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் மூவொப்புச் சட்டம் வந்தது. எந்தத் திருடனும் கை நீட்ட முடியாத தூரத்தில் ஒரு நகல் இருக்கட்டும் என்று மூன்றாவதை டைட்டனில் வைத்தார்கள்.

அதனால் ஊரே காத்திருக்கப் பழகியது. பிள்ளை பிறந்தால் மூன்றாவது ஆம் வந்த பிறகுதான் சீனி கொடுப்பார்கள். கல்யாணமானால் பதிவில் கை வைத்துவிட்டு இரண்டே முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். தாலியும் பந்தியும் அப்புறம்தான். அந்த நேரத்துக்கு இடைப்பொழுது என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எழுந்து போகக் கூடாது, கைப்பேசி எடுக்கக் கூடாது, இரண்டு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும். பத்து வருடம் முகம் கொடுக்காத சம்பந்திகள் வேறு வழியில்லாமல் பேசி ராசியானதும் உண்டு. மாப்பிள்ளை யோசித்துப் பார்த்து எழுந்து போனதும் உண்டு. ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்காதா என்று பெரியவர்கள் சொல்வார்கள். அன்றைக்கும் கீழே மண்டபத்தில் ஒரு கல்யாணக் கூட்டம் எட்டரைக்கே பதிவை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது.

வழக்கமாக எட்டு ஐந்துக்கு ஜெசிந்தா படகேறி, கடலடித் தரவகத்தின் குளிர்குழாய்களைப் பார்க்கப் போய்விடுவாள். திரும்பி வர பதினொன்றாகிவிடும். அன்று துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருந்ததால் படகில்லை. சரி என்று தேநீரை வைத்துக்கொண்டு மேசையிலேயே உட்கார்ந்தாள்.

எட்டு நாற்பத்தொன்றுக்குப் பதில் வந்தது.

"புளி உனக்கு. நடுத்துண்டு எனக்கு."

அவள் முதலில் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரம், கைக் கடிகாரம், தரவகத்தின் அணுக் கடிகாரம் மூன்றும் ஒரே நேரத்தைத்தான் சொன்னன. வெளிச்சமே போய் வர இரண்டு மணி நாற்பது நிமிடம் எடுக்கிற இடத்திலிருந்து நாற்பத்தொரு நிமிடத்தில் பதில் வந்திருக்கிறது. அதிலும், பதிலில் குறித்திருந்த டைட்டன் நேரம் ஒன்பது இருபது. இன்னும் வராத ஒரு நேரம்.

பக்கத்து மேசையில் இருந்த இசக்கிராஜைக் கூப்பிட்டாள். மண்டபத்தின் பதிவு அதிகாரி அவர். ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பாருங்க."

இசக்கிராஜ் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு பார்த்தார். "சீக்கிரமா வந்துட்டு. நல்லதுதானம்மா? லேட்டானாத்தான மணி அடிக்கும்."

"சீக்கிரம் வர முடியாது அண்ணாச்சி. வெளிச்சத்தை முந்திக்கிட்டு எது வரும்?"

அவர் மறுபடி பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. இத்தனை வருடம் எல்லோரும் தாமதம் எல்லை மீறுகிறதா என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீக்கிரம் வந்தால் அடிப்பதற்கு யாரும் ஒரு மணி வைக்கவில்லை. பலகை எண்ணை, வரிகளுக்குள் எழுதியிருந்த நேரங்களை வைத்துத்தான் எந்திரம் கணக்கிட்டது. பதில் இந்த மேசைக்கு எப்போது வந்தது என்பதை அது கேட்கவே இல்லை. அவளும் கேட்கவில்லை. பதினொரு மணிக்கு வந்து, பதிலைப் படித்து, மனசு நிறைந்து, பலகையைப் போட்டுவிட்டுப் போனாள். தினமும் தாமதத்தை அளக்கிறவள் ஒரு நாள்கூட அளக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

நாற்பத்தொரு நிமிடத்தை இரண்டாகப் பிரித்தால் இருபதரை. அந்தத் தூரத்தில் இன்று இருப்பது செவ்வாய்தான். டைட்டனுக்குப் போகும் வரிகள் எல்லாம் செவ்வாயின் இடைநிலையம் வழியாகத்தான் போகும். அங்கே அறவாழி என்று ஒரு நாகப்பட்டினத்துக்காரர் தனியாக வேலை பார்க்கிறார் என்பது தெரியும். அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை.

பராமரிப்பு வழியில் அவருக்கு எழுதினாள்: "என் வரிக்குப் பதில் எழுதுறது யாரு?"

இனி நாற்பத்தொரு நிமிடம். கீழே மண்டபத்தில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா ஆறிப்போன தேநீரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். இசக்கிராஜ் ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

ஒன்பதரைக்கு மேல் பதில் வந்தது.

"அக்கா, இன்னைக்குப் படகுக்குப் போகலைன்னு நினைக்கிறேன். நீங்க பதினொரு மணிக்குத்தான் பார்ப்பீங்கன்னு எழுதின உடனே அனுப்பிடுவேன். மன்னிச்சிடுங்க. டைட்டன் பேசி அறுபத்திரண்டு நாள் ஆகுது. பெரிய மீத்தேன் புயல் வருது, ஆன்டெனாவை மடக்கி வைக்கிறோம், பதினாலு நாள்ல விரிச்சிடுவோம்னு ரெமிஜியுஸ் அண்ணன் கடைசியா எனக்கு எழுதினாங்க. மூணு நாள் ஆம் சொல்லலைன்னா தரவகத்தை நீக்கிடுவாங்க, நீக்கினா திரும்பற கப்பல் பட்டியல் செல்லாது, அதுவரைக்கும் எங்க பேர்ல நீ ஆம் சொல்லுன்னு கேட்டுக்கிட்டாங்க. ஊர் வரிக்கெல்லாம் ஒரு நிரல் எழுதிட்டேன், அது சரியான நேரத்துக்கு நிறுத்தி வச்சு ஆம் சொல்லும். உங்க வரிக்கு மட்டும் ஆள்தான் எழுதணும். அதுக்கு அண்ணன் பதினாலு பதில் எழுதிக் கொடுத்திருந்தாங்க. அது தீர்ந்து போச்சு. புயலும் விடலை. மத்த நாப்பத்தெட்டும் நான்தான் அக்கா."

இசக்கிராஜ் வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு வேறெதையோ நினைத்துக்கொண்டார்.

"அப்பம் எம் பேரன் இன்னும் பொறக்கலையா? போன மாசம் சீனி கொடுத்தேனம்மா தெருவுக்கெல்லாம்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு இரண்டாவது கேள்வியை அனுப்பினாள். "அந்தப் பதினாலு எது? வரிசையா அனுப்புங்க."

இதற்கும் நாற்பத்தொரு நிமிடம். அவள் அறுபத்திரண்டு நாள் பதில்களையும் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எது அவன், எது அவனில்லை? மணந்து பதினெட்டு வருடம் ஆனவளுக்கு இது தெரிய வேண்டாமா? சாளைக் கருவாடு பொரித்த அன்று வந்த பதில் நிச்சயம் அவன்தான் என்று நினைத்தாள்: "இலையில் எனக்கும் ஒரு கை வை." அதைப் படித்துவிட்டு அன்று அவள் உண்மையிலேயே இரண்டு இலை போட்டாள். எதிர் இலையில் சோறு வைத்து, பரிமாறி, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

பத்து இருபதுக்குப் பட்டியல் வந்தது.

"சரி." "நல்லது." "நல்லா இருக்கும்." "சாப்பிட்டேன்." "வேலை அதிகம்." "சரி, நாளைக்கு." இப்படிப் பதினாலு. அவள் என்ன குழம்பு வைப்பாள் என்று தெரியாமல், எதற்கும் பொருந்துகிற மாதிரி, புயலுக்கு முன்னால் அவசர அவசரமாக எழுதியவை. இலையில் ஒரு கை அதில் இல்லை. நடுத்துண்டும் இல்லை. அவளைச் சிரிக்க வைத்த எதுவும் அதில் இல்லை.

அந்தப் பதினாலு நாளும் அவளுக்கு நினைவுக்கு வந்தது. என்ன எழுதினாலும் சரி, நல்லது என்று வந்துகொண்டிருந்ததில் கோபம் வந்து, பதினைந்தாம் நாள் குழம்பைக்கூடச் சொல்லாமல், "வாயில் என்ன கொழுக்கட்டையா?" என்று எழுதினாள். உடனே மறுபடி கொஞ்சலும் கேலியுமாகப் பதில்கள் வர ஆரம்பித்தன. மனுஷன் வழிக்கு வந்துவிட்டான் என்று அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தப் பதினைந்தாம் நாள்தான் அவன் பேசியிருக்க வேண்டிய நாள். யாராவது பதறியிருக்க வேண்டிய நாள். பதற வேண்டியவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

பட்டியலின் அடியில் அறவாழி ஒரு வரி சேர்த்திருந்தார். "எனக்குன்னு வரி எழுத யாரும் இல்லக்கா. உங்க குழம்பைப் படிச்சுட்டுத்தான் நான் பொட்டலச் சோத்தைப் பிரிப்பேன். கெட்ட எண்ணத்துல செய்யலை."

அவள் கோபப்பட முயன்றாள். பட்டாள்தான். ஆனால் அந்தக் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அவளையே சுற்றிச் சுற்றி வந்தது.

பதினொன்றுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. இசக்கிராஜ் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நான் சொல்லுதத கேளு. நாம மூணு பேருக்குத்தான் தெரியும். பேசாம அந்த ரெண்டு மணி நாப்பத்தொண்ணையே போட்டுரு. புயல் நாளைக்கே விடலாம்லா. உன் வீட்டுக்காரர் பேரு பட்டியல்ல இருக்குல்ல? நீயா போய் ஏன் அழிக்கணும்?"

"பேரு இருக்கு அண்ணாச்சி. ஆளு இருக்காங்களான்னு யாருக்குத் தெரியும்?"

"நீக்கிட்டா மறுபடி சேர்க்கதுக்கு எத்தனை வருசம் ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். நீக்கிய தரவகத்துக்கு வானலையில் நகல் அனுப்ப முடியாது. விடுபட்டது மலை போலச் சேர்ந்துவிடும். தூத்துக்குடியின் முழு நகலையும் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் நேரில் போக வேண்டும். கட்டி முடிக்கப் பதினொரு மாதம், பயணம் மூன்று வருடம். அந்தக் கப்பலில் மருத்துவர்கள் போவார்கள், ஆன்டெனாவை நிமிர்த்தத் தெரிந்தவர்கள் போவார்கள். அவன் திரும்பி வருவதானால் அதற்கும் மேல் மூன்று வருடம். தை மாதக் கணக்கு அத்தோடு முடிந்தது.

"அண்ணாச்சி, நான் இந்த எண்ணைப் போடுற வரைக்கும் அங்க எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம். நல்லா இருக்கிற இடத்துக்கு யாரு கப்பல் விடுவா? பதினாலு நாள்னு சொன்னவுக அறுபத்திரண்டு நாளா பேசலை. அங்க நானூறு பேரு. போய் என்னன்னு கேக்க ஒரு நாதி வேண்டாமா?"

"அங்க நல்லாவே இருந்து, சும்மா ஆன்டெனா மட்டும் கெட்டிருந்துச்சுன்னா? தையில கப்பலேற வேண்டிய மனுசன நாலு வருசம் தள்ளிப் போட்டவ நீயாத்தான் இருப்ப."

"ஆமா," என்றாள் ஜெசிந்தா. "நானாத்தான் இருப்பேன்."

இசக்கிராஜ் ஜன்னல் பக்கம் போய், அலை கரையை அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பதினொரு மணிக்கு அவள் பலகையில் எழுதினாள்: "டைட்டன்: பதில் இல்லை. 62 நாள்."

கீழே பாட்டு நின்றது. பிறகு சட்டம் தன் வேலையைத் தானே செய்தது. டைட்டன் தரவகம் நீக்கப்பட்டது. புது நகல் கப்பலுக்கு ஆணை பதிவானது. அதுவரை தூத்துக்குடியும் நிலாவும் சொன்னால் போதும். கடந்த அறுபத்திரண்டு நாள் பதிவுகளும் அப்படியே செல்லும் என்று அரை மணியில் அறிவிப்பு வந்தது. தாமதப் பலகைகளில் எல்லாம் புது எண் ஏறியது: "3 நொடி."

"பொறந்துட்டான்," என்றார் இசக்கிராஜ், கைப்பேசியைப் பார்த்தபடி. சந்தோஷப்பட வேண்டுமா என்று தெரியாமல் அதை மெதுவாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கீழே நாதஸ்வரம் எழுந்தது. எதிரெதிரே உட்கார்ந்திருந்த இரண்டு வீட்டாரும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார்கள். தாலி ஏறியது, பந்தி விரித்தார்கள். அடுத்ததாகப் பதிவுக்கு வந்த ஜோடி கை வைத்தது, மூன்று எண்ணுவதற்குள் கணவன் மனைவி ஆனது, வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போனது. தெருவில் பையன்கள் வெடி வைத்தார்கள். இனி ஒன்றுக்கும் காத்திருக்க வேண்டாம் என்று ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் ஜெசிந்தாவுக்கு ஆத்திரம் வந்தது. பிறகு அதுவும் அடங்கியது. அவர்களுக்கு அங்கே யாரும் இல்லை, அவ்வளவுதானே.

அவள் கப்பல் பட்டியலைத் திறந்தாள். ஏழாவது இடத்தில் கோடு. ஆறாவதிலும் எட்டாவதிலும் கோடு.

மறுநாள் காலை அவள் வேலைக்கு வந்தபோது செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. நிலாவின் மூன்று நொடியை எந்திரமே அளந்துகொள்ளும். இடமாற்ற ஆணை அடுத்த வாரம் வரும் என்றார்கள். அவள் தன் மேசையில் உட்கார்ந்து, எட்டு அடிக்கும்போது ஒரு துடிப்பு வரியைத் திறந்தாள். பெறும் தரவகம் என்ற கட்டத்தில் டைட்டன் என்று எழுதினாள்.

"பெறுநர் நீக்கப்பட்டுள்ளார். இந்த வரி தூத்துக்குடி நகலில் மட்டும் இருக்கும். எழுதலாமா?" என்று கேட்டது எந்திரம்.

இருக்கட்டும். தூத்துக்குடி நகலைத்தானே முழுசாகப் பெட்டியில் ஏற்றிக் கொண்டுபோகப் போகிறார்கள். இன்றைக்கு எழுதுவது மூன்று வருடம் பதினொரு மாதம் கழித்துப் போய்ச் சேரும். எதிர்பார்க்கும் தாமதம் என்ற கட்டத்தில் அதை நிரப்பினாள். அவள் வேலையில் எழுதிய எண்களிலேயே பெரியது அதுதான்.

குறிப்புக் கட்டத்துக்கு வந்தபோது விரல் வழக்கப்படி குழம்பின் பெயரைத் தேடியது. துடிப்பு வரிகள் எல்லா அலுவலகத்திலும் திறந்தே கிடக்கும். நிலாவில் படிப்பார்கள், செவ்வாயில் படிப்பார்கள், தணிக்கைக்காரர்கள் படிப்பார்கள். அதனால்தான் புருஷனிடம் மீனையும் புளியையும் தவிர வேறெதையும் அவள் பேசியதில்லை. நீக்கப்பட்ட தரவகத்துக்கு எழுதும் வரியை இனி யார் படிக்கப் போகிறார்கள்?

அவள் எழுதினாள்: "நீங்க இல்லாம முடியல. வந்துருங்க."

எண்ணிப் பார்த்தாள். முப்பது எழுத்துக்குள்தான் இருந்தது. 'ஆம்' என்பதை அழுத்தினாள். தாமதம் என்ற கட்டத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நொடிகள் ஓடத் தொடங்கின.